எண்ணெயில்லாமல் பொரிக்கும் பெட்டி நமக்குத் தேவையா?



குச்சவெளியிலிருந்து வெருகல் வரை மாதர் சங்கக் கூட்டங்களுக்கு எங்கு போனாலும் அண்மைக் காலமாக ஒரு கேள்வி தவறாமல் வருகின்றது. சேமிப்புக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, காணி உறுதி என்று எல்லாம் பேசி முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "மிஸ், உந்த எயார் ஃப்ரையர் எண்டுறது வாங்கினால் உண்மையா எண்ணெய்க் காசு மிச்சமோ?"

கேட்பவர்கள் வசதிக்காக மட்டும் கேட்கவில்லை. ஒருவருக்குக் கிளினிக்கில் கொலஸ்ரோல் கூட என்று சொல்லியிருப்பார்கள். இன்னொருவரின் மகள் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு ஆசைப்பட்டிருப்பாள். மற்றொருவருக்கு லண்டனில் இருக்கும் தங்கை அனுப்புகின்றேன் என்று சொல்லியிருப்பாள். இவர்கள் எல்லோரையும் விட எனக்குக் கவலை தருபவர், "கடையில தவணைக்குத் தாறாங்களாம், மாதம் மூவாயிரத்துச் சொச்சம்தான்" என்று சொல்பவர். ஆகவே இம்மாதம் இந்தப் பெட்டியைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன்.

எண்ணெய் விலை ஏறியதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021 ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடை செய்தார்கள். 2024இன் கடைசியிலும் 2025இன் தொடக்கத்திலும் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டியது. சம்பலுக்குப் பாதி, கறிக்குப் பாதி என்று ஒரு தேங்காயை இரண்டு நாளைக்கு வைத்துச் சமைத்த வீடுகளை நான் பார்த்திருக்கின்றேன். அந்த நேரத்தில் "ஒரு கரண்டி எண்ணெயில் பொரிக்கலாம்" என்று விளம்பரம் சொன்னால் காது கொடுக்காமல் எப்படி இருப்பது?

முதலில் இந்தப் பெட்டி என்ன செய்கின்றது என்று பார்ப்போம். பெயரில்தான் பொரிப்பது இருக்கின்றது. உண்மையில் இது ஒரு சின்னப் போறணை. மேலே ஒரு சூடாக்கும் சுருள், அதற்கு மேலே ஒரு காற்றாடி, கீழே துளையுள்ள கூடை. 180 பாகை, 200 பாகை வெப்பத்தில் காற்றை வேகமாகச் சுழற்றி உணவின் மேற்பரப்பைக் காய வைத்து முறுக வைக்கின்றது. பேக்கரிப் போறணையில் பாண் மேல்தோல் சிவப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும். பெட்டி சிறியது, காற்று வேகம் கூடியது என்பதால் நேரம் குறைகின்றது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வெய் என்பவர் உருளைக்கிழங்குப் பொரியலுக்காகவே இதை வடிவமைத்தார். 2010இல் ஜேர்மனியின் பேர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. உருளைக்கிழங்கு சாப்பிடும் ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கை நினைத்துச் செய்த பெட்டி என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பல விடயங்கள் விளங்கும்.

இனி நம் குசினிக்கு வருவோம். திருகோணமலையில் ஒரு சாதாரண வீட்டில் ஒரு நாளைக்கு என்ன சமைக்கின்றோம்? காலையில் இடியப்பம் அல்லது பிட்டு, சம்பல், சொதி. மதியம் சோறு, மீன் குழம்பு, ஒரு மரக்கறி, கீரை. இரவில் றொட்டி அல்லது மதியத்து மிச்சம். இதில் எதை அந்தப் பெட்டியில் வைக்கலாம்? சோறு வேகாது. குழம்பு கொதிக்காது. பிட்டு அவியாது. கடுகும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளிக்க முடியாது. ஆகவே இதை வாங்கினாலும் உங்கள் அடுப்பு அணையப் போவதில்லை, எரிவாயுச் செலவும் பெரிதாகக் குறையப் போவதில்லை. பொரியலுக்கு மட்டும்தான் இது பயன்படும். "அன்றாடச் சமையலுக்கு நல்லதா" என்று கேட்டால், அன்றாடம் நாம் பொரிப்பது எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு கிழமைக்கு உங்கள் வீட்டில் எத்தனை தடவை தாச்சியில் எண்ணெய் கொதித்தது என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு வாருங்கள். பல வீடுகளில் இரண்டு, மூன்று கோடுகளுக்கு மேல் வராது.

பொரியலிலும் எல்லாம் இதில் சரிவராது. மீன் துண்டு நன்றாக வரும். பாரை, சூரை, வசதியிருந்தால் அறுக்குளா. மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் தேசிக்காய்ப்புளி தடவி ஒரு தேக்கரண்டி எண்ணெய் பூசி வைத்தால், வெளியே முறுகி உள்ளே பதமாக வெந்திருக்கும். சூடை மீனும் பரவாயில்லை. கோழித் துண்டு மிக நன்றாக வரும், அதன் கொழுப்பே அதற்குப் போதும். கத்தரிக்காய், வாழைக்காய், பாகற்காய்க்கு எண்ணெய் தடவிப் பிரட்டி வைக்க வேண்டும். தடவாமல் வைத்தால் தோல் செருப்பைப் போல ஆகிவிடும். அப்பளம் வரும், ஆனால் காற்றில் பறந்து சுருளில் ஒட்டும். உழுந்து வடைமா, வாழைக்காய் பஜ்ஜிமா போன்ற தண்ணீர்ப் பதமான மாவெல்லாம் துளை வழியே கீழே ஒழுகிவிடும். கடலைப்பருப்பு வடையை வைக்கலாம், ஆனால் மாலையில் டச்பே கடற்கரையில் இறால் வடை சாப்பிட்டுப் பழகிய நாக்கு அதை வடை என்று ஒத்துக்கொள்ளாது.

அடுத்தது அளவு. கடைகளில் 4 லீற்றர் என்று எழுதியிருக்கும் பெட்டியைப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். ஆனால் காற்று சுற்றி வர வேண்டும் என்பதால் மீன் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது. நாலைந்து துண்டுகளோடு கூடை நிரம்பிவிடும். அம்மா, அப்பு, நாலு பிள்ளைகள், யுத்தத்தில் தாய் தகப்பனை இழந்த மருமகள் ஒருத்தி என்று ஏழெட்டுப் பேர் இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று தடவை வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 12, 15 நிமிடம். தாச்சியில் கால் மணித்தியாலத்தில் முடியும் வேலை முக்கால் மணித்தியாலம் இழுபடும். இருவர் மூவர் உள்ள வீட்டுக்குச் செய்த சாமான் இது. நம் வீடுகளில் தலை எண்ணிக்கை வேறு.

இனி முக்கியமான கணக்கு. சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

இந்தப் பெட்டி சாதாரணமாக 1400 முதல் 1700 வாற் வரை இழுக்கும். 1500 வாற் என்று வைப்போம். 20 நிமிடம் ஓடினால் அரை அலகு. ஒவ்வொரு நாளும் 20 நிமிடம் என்றால் மாதத்துக்கு 15 அலகு. இடையிடையே சுருள் தானாக நின்று எரிவதால் கொஞ்சம் குறையலாம், கணக்குக்கு 15 என்றே எடுப்போம்.

15 அலகு பெரிய தொகையல்லவே என்று தோன்றும். ஆனால் நம் நாட்டில் வீட்டு மின்சாரத்துக்குக் கட்டணம் படி படியாக விதிக்கப்படுகின்றது. 30, 60, 90, 120, 180 என்று படிகள். மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு மலிவான கணக்கு. 60ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறு கணக்கு. தாண்டிய அந்த ஐந்தாறு அலகுக்கு மட்டும் விலை கூடுவதாகப் பலர் நினைக்கின்றார்கள். அப்படியல்ல. 60ஐத் தாண்டிய மாதத்தில் முதல் 60 அலகுக்கும் சேர்த்தே கூடிய விலை போடப்படும். நிலையான கட்டணமும் மேலே ஏறும். மாதம் 50 அலகு எரிக்கும் ஒரு வீடு 65 அலகுக்குப் போனால், பாவித்த மின்சாரம் மூன்றில் ஒரு பங்களவுகூடக் கூடவில்லை, ஆனால் பட்டியல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். 2025ஆம் ஆண்டு நடைமுறையில் இருந்த கட்டணங்களில் நான் கணக்குப் பார்த்தபோது வித்தியாசம் மாதம் 700 ரூபாவுக்குக் கூடக்குறைய வந்தது. நீங்கள் மிச்சம் பிடிக்கும் எண்ணெய் மாதம் ஒரு போத்தல் என்றால், அந்தக் காசை மின்சாரம் ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும்.

ஏற்கெனவே 70, 75 அலகு எரிக்கும் வீட்டில் இந்தக் குதிப்பு இல்லை. அங்கே 15 அலகுக்குரிய விலை மட்டும் கூடும். ஆனால் அவர்களும் 90ஐத் தாண்டுகின்றோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்த படியில் நிலையான கட்டணம் மீண்டும் ஏறுகின்றது. எனவே முதலில் செய்ய வேண்டியது, அலுமாரிக்குள் மடித்து வைத்திருக்கும் கடைசி ஆறு மாதப் பட்டியல்களை எடுத்து, அலகு எவ்வளவு என்று பார்ப்பதுதான். கடைக்காரர் அதைக் கேட்க மாட்டார்.

கட்டணம் ஒரே மாதிரி நிற்பதுமில்லை. 2022 ஓகஸ்டில் 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். 2024இல் இரண்டு தடவை குறைந்தது, 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, அதே ஆண்டு ஜூனில் 15 வீதம் ஏறியது. இப்படி ஆடும் விலையை நம்பி வாங்கும் சாமான் இது. அதுமட்டுமா, 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. குரங்கு பாய்ந்தாலும் விறகடுப்பு எரியும் என்று அன்று ஒரு ஆச்சி சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகின்றது.

சம்பூர்ச் சகோதரிகளுக்கு இந்த இடத்தில் வேறொரு எண்ணமும் வரும். 2006இல் ஷெல் அடிக்குள் ஓடி, கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்து, 2015, 2016 அளவில்தான் தங்கள் காணிகளுக்குத் திரும்பியவர்கள் நீங்கள். உங்கள் நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் வரும் என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. பின்னர் சூரிய மின்சாரம் என்றார்கள். 2025 ஏப்ரலில் அத்திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. ஊருக்குள்ளேயே மின்சாரத் திட்டம், வீட்டுக்குள்ளே 60ஐத் தாண்டுமோ என்று மீற்றர் பார்த்துச் சமையல். இதைப் பற்றி நீங்கள் பேசுவதில் தவறேதும் இல்லை. ஆனால் அது இன்னொரு மாதத்துக்குரிய விடயம்.

அடுத்து பிளக். இதைச் சிறு விடயமாக நினைக்க வேண்டாம். மீள்குடியேற்ற வீடுகளிலும் வீட்டுத்திட்ட வீடுகளிலும் பலவற்றில் சின்ன வட்ட முள்ளுள்ள 5 அம்பியர் பிளக்தான் இருக்கின்றது. 1500 வாற்றை 230 வோல்ற்றால் பிரித்துப் பாருங்கள், ஆறரை அம்பியர் வரும். 5 அம்பியர் துளையில் ஆறரை அம்பியரை ஒவ்வொரு நாளும் 20 நிமிடம் இழுத்தால் பிளக் சூடேறி உருகும், சுவருக்குள் கம்பியும் சூடேறும். வானொலிக்கும் கைத்தொலைபேசிச் சார்ஜருக்கும் பாவிக்கும் நீட்டு வயரில் இதைச் செருகுவது அதைவிட ஆபத்து. சதுர முள்ளுள்ள 13 அம்பியர் பிளக்கையே 2017இல் நாட்டின் நியமமாக அறிவித்திருக்கின்றார்கள். குசினியில் அப்படியொரு பிளக் இல்லாவிட்டால், மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு தனிக் கம்பியில் பூட்டுவிக்கும் செலவையும் பெட்டியின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஓலைக் கூரை, தகரக் கொட்டில் குசினி என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

வெளிநாட்டிலிருந்து வருவது இலவசம்தானே என்று கேட்கலாம். எந்த நாடு என்பதைப் பொறுத்தது. லண்டனிலிருந்து வந்தால் அதே 230 வோல்ற், அதே சதுர முள். கட்டார், குவைத்தில் வேலை செய்து திரும்பும் சகோதரிகள் கொண்டு வருவதும் பெரும்பாலும் பொருந்தும். மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் பலர் அங்கே வீட்டு வேலை செய்த காலத்திலேயே இந்தப் பெட்டியைப் பாவித்துப் பழகியவர்கள். எனக்குப் பல நுணுக்கங்களைச் சொல்லித் தந்தவர்களும் அவர்கள்தான். சவூதியில் முன்பு 127 வோல்ற் இருந்த இடங்களும் உண்டு, ஆகவே அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். கனடாவிலிருந்து வருவதை மட்டும் அப்படியே செருகிவிடாதீர்கள். அங்கே 120 வோல்ற். இங்கே சுவிட்சைப் போட்ட அந்த நிமிடமே கருகிவிடும். அதற்கென்று மின்மாற்றி வாங்கலாம், ஆனால் இவ்வளவு வாற்றைத் தாங்கும் மாற்றி பாரமானது, விலையும் கூடியது. அனுப்புகின்ற உறவினருக்கு அனுப்ப முன்னரே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் காசைப் பிள்ளையின் ரியூசனுக்கு அனுப்பச் சொன்னால் அவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

தவணைக்கு வாங்குவதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கின்றது. கைக்காசுக்கு 30,000 ரூபா என்று வைப்போம். மாதம் 3,400 படி 12 மாதம் என்றால் 40,800. அதாவது பெட்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சும்மா கொடுக்கின்றோம். மாதம் ஒரு போத்தல் எண்ணெய் மிச்சம், அதில் பெரும்பகுதி மின்பட்டியலுக்குப் போய்விடுகின்றது என்று முன்னே பார்த்தோம். மாதம் 100, 200 ரூபா மிச்சம் பிடித்து 40,800 ரூபாவை எந்தக் காலத்தில் மீட்பது? பெட்டி அதற்குள் பழுதாகிவிடும்.

இதைவிடப் பாரதூரமான ஒன்றும் நடக்கின்றது. ஆடு வளர்க்க, தையல் இயந்திரம் வாங்க என்று எடுத்த சிறுகடனில் ஒரு பகுதியை வீட்டுச் சாமானுக்குத் திருப்பிவிடுவது. ஆடு குட்டி போடும், தையல் இயந்திரம் சட்டை தைக்கும். பொரிக்கும் பெட்டி தவணைக் காசு உழைத்துத் தராது. கிழமைக்குக் கிழமை காசு கேட்டு வாசலில் வந்து நின்றபோது குழுவில் இருந்த மற்றப் பெண்களும் சேர்ந்து தலைகுனிந்த கதைகள் இந்த மாவட்டத்தில் கொஞ்சமல்ல. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டிய நிலைமை வந்தது என்றால், அது எவ்வளவு பெரிய சுமையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால் சங்கத்துக்குள்ளேயே பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்து, உங்கள் முறை வரும்போது கைக்காசுக்கு வாங்குங்கள். வட்டி இல்லை, வாசலில் வந்து நிற்கவும் யாருமில்லை.

றோல்ஸ், பற்றிஸ், கட்லற் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் சகோதரிகள் சிலர் தொழிலுக்காக இதைக் கேட்டிருந்தார்கள். வேண்டாம். ஒரு தடவைக்கு ஆறு, எட்டு றோல்ஸ் வைக்கலாம். விடியற்காலை 60 றோல்ஸ் கொடுக்க வேண்டியவர் நாலு மணிக்கு எழும்புவதை இரண்டு மணிக்கு மாற்ற வேண்டி வரும். பாண்தூள் தோய்த்த றோல்ஸ் இதில் வெளிறிப்போய் வரும். கடைக்காரர் பழசு என்று திருப்பிக் கொடுப்பார். தொழிலுக்கு நல்ல கனமான தாச்சியும், எண்ணெயை வடித்து வைக்க மூடியுள்ள பாத்திரமும் போதும். ஒரே எண்ணெயைக் கறுக்கும்வரை திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்காமல் இருப்பதே உங்கள் வாடிக்கையாளருக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம்.

சுகாதாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொரியலில் எண்ணெய் குறைவது நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு கூட. ஆனால் நீரிழிவுக்காரர் ஒருவர் இரண்டு கோப்பை வெள்ளை அரிசிச் சோற்றோடு காற்றில் பொரித்த மீனைச் சாப்பிட்டால் சீனி குறையப் போவதில்லை. உருளைக்கிழங்கு போன்ற மாப்பொருள் உணவைக் கடும் சூட்டில் கருக்கினால் அக்ரிலமைட் என்ற கெடுதலான பொருள் உண்டாகின்றது என்று 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பெட்டியில் வைத்தாலும் தாச்சியில் போட்டாலும் பொன்னிறத்தோடு எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் இது யாருக்குமே வேண்டாத சாமான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா மூதூர்ப் பக்கத்தில் இருக்கின்றார். 2006இல் ஷெல் துண்டு பட்டு இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். தாச்சியை ஒரு கையால் பிடித்தால் கரண்டியைப் பிடிக்கக் கையில்லை. கரண்டியைப் பிடித்தால் தாச்சி சரியும். இரண்டு தடவை கொதி எண்ணெய் காலில் ஊற்றி வடு இருக்கின்றது. அதன் பிறகு பல வருடமாக வீட்டில் பொரியலே இல்லை. மகன் மீன்பொரியல் கேட்டால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அவருக்கு லண்டனில் இருந்து மச்சாள் தான் பாவித்த பெட்டியை அனுப்பியிருந்தார். கூடையை ஒரு கையால் இழுத்து, மீனை வைத்து, ஒரு கையால் தள்ளிவிட்டால் சரி. "இப்ப ஆரிட்டயும் போய் நிக்கத் தேவையில்ல பிள்ளை" என்றார். அவர் வீட்டில் பட்டியல் 60ஐத் தாண்டுகின்றது என்பதும் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அதைத் தெரிந்தே கட்டுகின்றார். அந்தக் காசை நான் வீண்செலவு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

கை இழந்தவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், வலிப்பு வருபவர்கள், கண் பார்வை மங்கியவர்கள், சின்னப் பேரப்பிள்ளைகளோடு தனியே இருக்கும் ஆச்சிமார் ஆகியோருக்குக் கொதி எண்ணெய் இல்லாத குசினி பெரிய நிம்மதி. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் அமைப்புகள் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் பற்றியே யோசிக்கின்றன. குசினிக்குள் ஒரு பெண் எப்படி வேலை செய்கின்றாள் என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. உதவித் திட்டத்துக்கு விபரம் எடுக்க வரும்போது இதையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

மற்றவர்கள் இந்த 30,000 ரூபாவை எதற்கு வைத்திருக்கலாம்? என்னைக் கேட்டால் முதலில் புகையைக் குறைக்க வேண்டும். வீட்டு அடுப்புப் புகை முதலான மாசினால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதிலே கூடுதலாகப் புகை குடிப்பவர்கள் பெண்களும் அவர்களின் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான். மூன்று கல் அடுப்பில் சமைப்பவர்கள் 1980களில் நம் நாட்டில் உருவான 'அனகி' மண் அடுப்புக்கு மாறலாம். ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கலாம், விறகும் குறையும். விலை இந்தப் பெட்டியோடு ஒப்பிடவே முடியாத அளவு சொற்பம். மேலே ஒரு புகைபோக்கி. அதற்குப் பிறகு, வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால் றைஸ் குக்கர். ஒவ்வொரு நாளும் பாவிப்போம், பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. பொரிக்கும் பெட்டி அதற்கும் பின்னால்தான் வரும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளரைப் பற்றி அறிந்தேன். சலவை இயந்திரமும் மின்னடுப்பும் வந்த பிறகும் அமெரிக்கத் தாய்மாரின் வேலை குறையவில்லை, எதிர்பார்ப்புத்தான் கூடியது என்று 1983இல் வெளியான தன் நூலில் அவர் எழுதினார். கிழமைக்கொரு தடவை பொரித்த வீட்டில் பெட்டி வந்த பிறகு நாளுக்கொரு தடவை பொரியல் கேட்பதை நானே இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன். கூடையைக் கழுவுவதும் அம்மாதான்.

கழுவுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கூடையின் உள்ளே ஒட்டாத பூச்சு இருக்கும். கம்பிச் சுருளோ சாம்பலோ போட்டுத் தேய்த்தால் அது உரிந்து உணவோடு வரும். மீன் எண்ணெய் படிந்து நாறத் தொடங்கினால் வெந்நீரில் சவர்க்காரத் தூள் போட்டு ஊற வைத்து, மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்றுக்கு எல்லாம் கறல் பிடிக்கும் என்பதால் மூடி வையுங்கள். வாங்கும்போது உத்தரவாத அட்டையில் உங்கள் பெயரையே எழுதுவித்து, பற்றுச்சீட்டின் நிழற்பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள். அந்த மை ஆறு மாதத்தில் மங்கிவிடும். திருத்தும் இடம் திருகோணமலை நகரத்திலேயே இருக்கின்றதா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் காசைக் கொடுக்க முன் கேளுங்கள்.

பெட்டி இல்லாமல் எண்ணெயைக் குறைத்து மீன் சமைக்க ஒரு வழி சொல்லிவிடுகின்றேன். பாரை மீனோ சூரை மீனோ ஆறு துண்டு எடுத்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இடித்த மிளகு, உள்ளி, தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிரட்டி அரை மணித்தியாலம் வையுங்கள். வாழையிலையை நெருப்பில் வாட்டி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, இரண்டு துண்டு, ஒரு கறிவேப்பிலை இணுக்கு, நாலு சின்ன வெங்காயம் வைத்து மடியுங்கள். றொட்டி சுடும் இரும்புத் தட்டை மெல்லிய நெருப்பில் வைத்து, மேலே மண்சட்டியால் மூடி, ஒரு பக்கம் எட்டு நிமிடம், திருப்பி மறுபக்கம் ஆறு நிமிடம். கடைசியில் இலையைப் பிரித்து, ஈரம் வற்றும்வரை திறந்தபடி விட்டால் ஓரம் முறுகும். கருவாட்டைத் தணலில் சுட்டுத் தட்டி, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி போட்டுப் பிசைந்தால் அதற்கு எண்ணெயே வேண்டாம். சுட்ட கத்தரிக்காயும் அப்படித்தான்.